ஊழியம்: மேடையில இருக்குற சொல்லா, பந்தியில இருக்குற சொல்லா?

சர்ச்சுல ஒருத்தர "அவர் ஊழியத்துல இருக்கார்"னு சொன்னா நமக்கு உடனே மைக்கும் பிரசங்கமும்தான் ஞாபகம் வருது. ஆராதனை முடிஞ்சதும் டீ கேன் தூக்கிட்டு வர்ற அண்ணனையும், புதுசா வந்த குடும்பத்துக்கிட்ட போய் உக்காந்து "எந்த ஏரியா, வீடு கிடைச்சிருச்சா, பிள்ளைங்க எந்த ஸ்கூல்"னு கேக்குற அக்காவையும் யாரும் ஊழியக்காரங்கன்னு சொல்றதில்ல, "கூடமாட ஒத்தாசை பண்றாங்க"ன்னு முடிச்சிருவோம். எனக்கு இது ரொம்ப நாளா உறுத்துது, ஏன்னா அந்தச் சொல்லோட மூலமே டீ கேன் பக்கம்தான் இருக்கு.

புதிய ஏற்பாடு எழுதின கிரேக்க மொழியில சொல் டயக்கோனியா. அத செய்றவர் டயக்கோனோஸ், டீக்கன்ங்கிற பேரு அதுல இருந்து வந்ததுதான். அந்தக் காலத்துல இதுக்கு சாதாரணமா புழங்கின ஒரு அர்த்தம் சாப்பாடு பரிமாறுறது. கானா ஊர் கல்யாணத்துல கற்சாடியில தண்ணி ரொப்புனவங்களுக்கு யோவான் தன் சுவிசேஷத்துல போடுறது இந்தச் சொல்தான், காய்ச்சல் விட்டதும் பேதுருவோட மாமியார் எழுந்து செஞ்சதும், இயேசு வீட்டுக்கு வந்தப்ப மார்த்தாள் ஓடி ஓடி செஞ்சதும் இதே சொல்தான். ஆனா நம்ம பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்புல தண்ணி ரொப்புனவங்க வேலைக்காரர், மாமியார் செஞ்சது பணிவிடை, மார்த்தாளுது வெறும் வேலை, அப்போஸ்தலர்கள் (இயேசு அனுப்பின சீஷர்கள்) வசனம் போதிச்சது ஊழியம். இந்த இடங்கள்ல மூலத்துல ஒண்ணா இருந்தது தமிழுக்கு வர்றப்ப அடுப்படிக்கு ஒரு பேரு, பிரசங்கத்துக்கு ஒரு பேருன்னு பிரிஞ்சிருச்சு. ரோமர் 16ல பெபேயாள்ங்கிற பெண்ண ஊழியக்காரின்னே போட்டிருக்காங்க, அதுக்கு நன்றி சொல்லணும்.

ஊழியம்ங்கிற தமிழ்ச் சொல்லுக்கும் ஒரு பழைய வலி இருக்கு. திருவிதாங்கூர்ல ஊழியம்னா கூலியே இல்லாம செய்ய வேண்டிய கட்டாய வேலை, ஒடுக்கப்பட்ட ஜாதிக்காரங்க தலையில சுமத்தினது. 19ஆம் நூற்றாண்டுல அங்க இருந்த கிறிஸ்தவங்க ஞாயித்துக்கிழமையாவது ஊழியத்துல இருந்து விடுதலை வேணும்னு போராட வேண்டியிருந்துச்சு. இன்னிக்கு அரசு ஊழியர்னு சொல்றப்ப அந்த வாசனை கொஞ்சம்கூட இல்ல. கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்ட் சபைக்காரரும் சேந்து 1995ல கொண்டு வந்த திருவிவிலியத்துல மாற்கு 10:45ல "தொண்டு"ன்னு போட்டிருக்காங்க, நல்ல தமிழ்ச் சொல், கட்டாயம் இல்லாம மனசார செய்றதுன்னு அர்த்தம் வருது. பொதுவா கேட்டா சரியான தமிழ் தொண்டுதான்னு நான் சொல்லுவேன்.

ஆனா வந்தவங்கள வரவேத்து கவனிக்கிறதுக்கு இன்னொரு சொல் அதே பழைய மொழிபெயர்ப்புலயே ஒளிஞ்சிருக்கு. அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரம் எடுத்துப் பாருங்க. எருசலேம் சபையில கிரேக்க மொழி பேசுற விதவைகளுக்கு அன்றாடச் சாப்பாடு சரியா கிடைக்கலன்னு முறுமுறுப்பு வருது, அதுக்காகவே ஸ்தேவான், பிலிப்புன்னு 7 பேர தேர்ந்தெடுக்குறாங்க. அந்த வேலைக்கு தமிழ்ல வச்ச பேரு பந்திவிசாரிப்பு. கல்யாண வீட்டுல பந்தி விசாரிக்கிறவர் என்ன செய்வார், இலை இலையா குனிஞ்சு "பெரியப்பா ரசம் ஊத்தவா, பாப்பாவுக்கு அப்பளம் வந்துச்சா"ன்னு கேட்டுக்கிட்டே போவார், அதுல சோறும் இருக்கு, ஆளோட முகத்தப் பாத்து கேக்குறதும் இருக்கு. பந்தி, விசாரி ரெண்டுமே வடமொழியில இருந்து வந்ததுதான், ஆனா நம்ம வீட்டுப் பேச்சுல ஊறிப்போச்சு. தனித்தமிழே வேணும்னா விருந்தோம்பல்: விருந்துன்னா புதுமை, அப்புறம் புதுசா வந்த ஆளு, ஓம்புறதுன்னா பேணுறது.

2015 டிசம்பர் வெள்ளத்துல வேளச்சேரிப் பக்கம் எங்க சர்ச் மாடி ஹால்ல தெருக்காரங்க எல்லாரும் இருந்தாங்க, எந்த மதம்னு யாரும் கேக்கல, இருந்த அரிசியில தக்காளி சாதம் கிண்டி போட்டுட்டு இருந்தோம். பக்கத்துத் தெரு பாட்டி ஒருத்தர் தட்ட அப்படியே வச்சிருந்தாங்க. எங்க அக்கா ஒருத்தர் குனிஞ்சு "பாட்டி, சக்கரை இருக்கா உங்களுக்கு, ரவை இருக்கு, உப்புமா கிண்டித் தரட்டா"ன்னு கேட்டாங்க. பாட்டி அழுதுட்டாங்க. சாப்பாடு அங்க எல்லாருக்கும்தான் கிடைச்சுது, விசாரிப்பு அந்த நிமிஷம்தான் நடந்துச்சு. அந்த அக்காவுக்கு சர்ச்சுல இன்னிக்கு வரைக்கும் ஒரு பதவியும் கிடையாது.

இப்ப நிறைய சபையில வாசல்ல நிக்கிற டீமுக்கு வெல்கம் மினிஸ்ட்ரின்னு பேட்ஜ் குத்துறாங்க. தமிழ்ல போடணும்னா "விசாரிப்புக் குழு"ன்னு போடலாம். அதே அதிகாரத்துல வர்ற "விசாரணை"ங்கிற வடிவம் மட்டும் வேணாம், இன்னிக்கு அதக் கேட்டா போலீஸ் ஸ்டேஷன்தான் ஞாபகம் வரும், முதல் தடவையா உள்ள வர்றவங்க வாசல்லயே பயந்துருவாங்க.