காப்புவழி: நெடுஞ்சாலையின் பூட்டிய சரிவுக்கு ஒரு தமிழ்ச்சொல்

திருகோணமலையில் அதிவேக நெடுஞ்சாலை இல்லை. கொழும்புக்குப் புறப்படும் நம் வாகனங்கள் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை எனப் பழைய ஏ6 வீதியில் ஓடிக் குருநாகலை அடைந்த பிறகே, 2022 சனவரியில் திறக்கப்பட்ட மத்திய அதிவேக நெடுஞ்சாலையின் பகுதியில் ஏற முடிகிறது. ஆகவே இங்கு விளக்க எடுத்துக்கொண்ட சொல் நம் ஊர்த் தேவையிலிருந்து பிறக்கவில்லை. அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பராமரிப்பில் இழுவை வாகனம் ஓட்டும் என் மருமகன் அனுப்பிய ஒரு படத்தோடு வந்தது. சாலையோரத்து இரும்புத் தடுப்பில் ஓர் இடைவெளி. அதன் குறுக்கே சங்கிலியிட்டுப் பூட்டிய படலை. படலைக்கு அப்பால் ஒரு வாகனம் மட்டும் போகக்கூடிய கிரவல் தடம் மேட்டிலிருந்து கீழே ஊர் வீதிக்கு இறங்குகிறது. பக்கத்தில் நிற்கும் வெள்ளைப் பலகையில், அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டும் என்ற பொருளில் ஆங்கில எழுத்து. "மாமா, இதைத் தமிழில என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டிருந்தான்.

பொருளை முதலில் தெளிவாக்கிக் கொள்வோம். அதிவேக நெடுஞ்சாலைக்குள் நினைத்த இடத்தில் நுழைய முடியாது. குறித்த நுழைவாயில்களில் மட்டுமே ஏறவும் இறங்கவும் முடியும், அவற்றுக்கு இடையே பல கிலோமீற்றர் தூரம் இருக்கும். நடுவில் விபத்து நேர்ந்து எல்லாத் தடங்களும் அடைபட்டால், பின்னால் நிற்கும் வாகன வரிசையைத் தாண்டி நோயாளர் காவு வண்டியோ தீயணைப்பு வாகனமோ முன்னேறுவது மிகக் கடினம். அந்த நேரத்தில், ஊர் வீதியிலிருந்து விபத்து நடந்த இடத்துக்கு அருகிலேயே ஏறிவிட உதவுவதுதான் இந்தப் பூட்டிய சரிவு. வீதியைத் திருத்துவோர், புல் வெட்டுவோர், பழுதான வாகனத்தை இழுத்துச் செல்வோர் ஆகியோருக்கும் அது பயன்படும். மற்றவர்களுக்கு அது மூடப்பட்டிருப்பதற்குக் காரணம் வெறும் கட்டண இழப்பு மட்டுமன்று. முறையான நுழைவாயிலில், ஓடும் வாகனங்களின் வேகத்தை எட்டிப் பிடிப்பதற்கு நீண்ட முடுக்கத் தடம் அமைந்திருக்கும். இத்தகைய சரிவில் அது இருப்பதில்லை. மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் செக்கனுக்கு ஏறத்தாழ 28 மீற்றர் கடக்கிறது. அதன் முன்னால், எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு வாகனம் மெதுவாக உள்ளே வந்தால் என்ன நேரும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி, இத்தகைய சரிவுக்கு வழங்கும் ராம்ப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். அது பிரெஞ்சு மொழியின் ராம்ப்பே என்னும் வினையடியிலிருந்து வந்தது. பழைய பிரெஞ்சில் அதற்கு ஏறுதல், பற்றிப் பிடித்து ஏறுதல் என்று பொருள்; பிற்காலத்தில் ஊர்தல், தவழ்தல் என்று பொருள் நகர்ந்தது. ஐரோப்பியக் கொடிகளில் பின்னங்கால்களை ஊன்றி முன்னங்கால்களை உயர்த்தி நிற்கும் சிங்கத்தைக் குறிக்கும் ராம்பன்ட் என்ற சொல்லும் இதே வேரினது. நம் பிரெட்ரிக் கோட்டையின் மதிலைக் காட்டி, ராம்பார்ட் என்பதும் இதன் உறவுதானே என்று கேட்போர் உண்டு. உறவில்லை, அது அரண் செய்தல் என்னும் பொருளுடைய வேறொரு பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது, ஒலி மட்டுமே ஒத்திருக்கிறது.

நெடுஞ்சாலைத் துறைக்குள் வந்தபோது ராம்ப் தன் பொருளை மீண்டும் மாற்றிக்கொண்டது. அங்கே அது இரண்டு சாலைகளை இணைக்கும் கிளைத்தடத்தின் பெயர். அது சமதரையாக இருந்தாலும் ராம்ப்தான். பிரித்தானியர் இதையே ஸ்லிப் ரோட் என்பர். இதைக் கவனியாமல், சக்கர நாற்காலிக்காகக் கட்டடங்களில் அமைக்கும் சரிவுக்கு வழங்கும் சாய்தளம் என்ற நல்ல சொல்லை இங்கும் பெயர்த்து வைப்பது பொருந்தாது. சாய்தளம் எல்லாரையும் உள்ளே அழைப்பது. நாம் பெயர் தேடும் இடமோ பெரும்பாலோரை வெளியே நிறுத்துவது.

சரிவுப்பாதை எனலாமா? திருகோணமலையில் அதற்கு ஒரு தடை உண்டு. கிண்ணியாவிலும் மூதூரிலும் மூத்தவர்களிடம் பாதை என்று சொன்னால், வாகனங்களை ஏற்றி நீரைக் கடத்தும் மிதவைதான் முதலில் நினைவுக்கு வரும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, பாதை வந்துவிட்டதா, பாதை போய்விட்டதா என்பதே துறையடியின் அன்றாடக் கேள்வி. பேருந்தும் லொறியும் கரைச் சரிவில் மெல்ல இறங்கிப் பாதையில் ஏறிய காட்சியைக் கண்டவருக்குச் சரிவுப்பாதை என்பது அந்தத் துறையையே காட்டும். அந்த வழக்கு உயிரோடிருப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. அதனால் பாதையை அதற்கே விட்டுவிட்டு வழியை எடுத்துக்கொள்வோம்.

அவசர வழி என்பது பலரும் உடனே சொல்லும் மொழிபெயர்ப்பு. எனக்கு மிகவும் கவலை தருவதும் அதுவே. பேருந்திலும் மண்டபத்திலும் அவசர வழி என்று எழுதியிருந்தால், ஆபத்தில் எவரும் அதன் வழியே வெளியேறலாம் என்று பொருள். அதே சொல்லை இந்தப் படலையில் எழுதினால், பிள்ளைக்குக் காய்ச்சல் என்று விரையும் ஒரு தகப்பன், தனக்காகவே திறந்த வழி என்று எண்ணி அங்கே வண்டியைத் திருப்பமாட்டார் என்று யார் சொல்ல முடியும்? அவசரம் என்ற சொல்லின் கதையும் இங்கே சேர்கிறது. வடமொழியில் அவசர என்பதற்கு வாய்ப்பு, ஏற்ற தருணம் என்று பொருள். மலையாளத்தில் இன்றும் அவசரம் என்றால் வாய்ப்புத்தான். தமிழிலோ அது விரைவாகவும் பதற்றமாகவும் மாறிவிட்டது. சிங்களத்தில் அவசரய என்றால் அனுமதி. மும்மொழிப் பலகை நிற்கும் நம் நாட்டில், ஒரே ஒலி ஒருவருக்கு ஆபத்தையும் மற்றவருக்கு அனுமதியையும் உணர்த்துவது நல்லதன்று.

சேவை வழி என்பதும் உதவாது. தமிழ்நாட்டில் சர்வீஸ் சாலை என்றால், பெருஞ்சாலையின் பக்கத்தில் ஊர்மக்கள் எல்லாரும் பயன்படுத்தும் சாலை. தப்பும் சரிவு என்று சிலர் எழுதுவது முற்றிலும் வேறொன்று: மலைச்சாலையில் பிரேக் பழுதான லொறி ஓடிப் புதைந்து நிற்பதற்காகத் தளர்ந்த சரளை பரப்பிய மேடு அது.

பழந்தமிழில் தேடினால் இரண்டு சொற்கள் அருகில் வருகின்றன. சிலப்பதிகாரத்தில், மதுரைக்குள் கோவலன் செல்லுமிடத்தில், யானைக் கூட்டம் போய்வரும் அளவுக்குப் பெரிய சுருங்கை வீதி வருகிறது. ஆனால் சுருங்கை நிலத்துக்குக் கீழே செல்வது. பெருங்கதவுக்குள் அமைந்த சிறு கதவைக் குறிக்கும் திட்டிவாசல் என்ற சொல் கருத்தளவில் மிகப் பொருத்தம். பெருவாயில் சாத்தியிருக்கும்போது வேண்டியவரை மட்டும் உள்ளே விடுவது அது. திட்டிவழி என்று ஆக்கிப் பார்த்தேன். சொல்லிக் காட்டியபோதெல்லாம், யார் யாரைத் திட்டினார்கள் என்றே கேட்டார்கள். மனமில்லாமல்தான் கைவிட்டேன்.

காப்புவழி என்பதே நான் முன்வைக்கும் சொல். காப்பு என்பது காவல். பூட்டும் படலையும் அதில் அடங்கும். காப்பு என்பது உயிரைக் காத்தலும். நோயாளர் காவு வண்டியும் தீயணைப்பு வாகனமும் அதில் அடங்கும். கெடாமல் பேணுதலும் காப்பே. வீதிப் பராமரிப்பு அதில் அடங்கும். காப்புறுதி, பாதுகாப்பு என நாள்தோறும் புழங்கும் சொற்களால் இது நமக்கு அந்நியமன்று. அம்மன் கோவிலில் காப்புக் கட்டிய பின் நோன்பாளி ஊரெல்லை தாண்டக்கூடாது என்னும் வழக்கத்தை அறிந்தவருக்கு, காப்பு என்ற சொல்லில் உள்ள கட்டுப்பாட்டையும் விளக்க வேண்டியதில்லை. சரிவைத் தனியே சுட்ட வேண்டிய இடத்தில் காப்புவழிச் சரிவு என்றும், படலையைக் காப்புவழிப் படலை என்றும் எழுதலாம்.

ஒன்றை மட்டும் பிரித்துக்கொள்ள வேண்டும். காப்புவழி என்பது வரைபடத்துக்கும் அறிக்கைக்கும் பயிற்சிக் கையேட்டுக்கும் உரிய பெயர்ச்சொல். ஒரு செக்கனில் 28 மீற்றர் கடந்துவிடும் ஓட்டுநருக்கு ஒரு புதுச்சொல்லைப் படித்து விளங்கிக்கொள்ள நேரம் இருக்காது. பலகையில் அவருக்கு வேண்டியது கட்டளை. அங்கே ‘அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டும்’ என்று பெரிய எழுத்தில், பிழையின்றி இருந்தால் போதும். மருமகனுக்கு எழுதிய பதிலில் இரண்டையும் சேர்த்தே எழுதினேன்: "பலகையில அனுமதி பெற்ற வாகனங்கள் மட்டும், நீ வண்டியோட ஏறுற இடத்துக்குப் பேர் காப்புவழி."