ஊத்ரமேர்: சொல்லும் அதன் தமிழும்

மேற்கு ஐரோப்பியக் கிறித்தவர்கள் சிலுவைப்போரின்போது மேற்காசியாவில் நிறுவிய சிலுவைப்போர் அரசுகளுக்கு மேற்கில் வழங்கிய பொதுப்பெயர் 'ஊத்ரமேர்'. அவ்வரசுகள் யாவும் ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கும் மாற்று வரலாறுகளுக்கு, அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் நாட்டுப்பெயர். பழைய பிரெஞ்சில் 'ஊத்ர' என்றால் அப்பால், 'மேர்' என்றால் கடல். இரண்டும் இலத்தீனிலிருந்து வந்தவை. அல்ட்ராமரீன் என்னும் நீல நிறத்தின் பெயருக்கும் பொருள் இதுவே: அந்நிறம் எடுக்கப்பட்ட ஆப்கானிஸ்தானத்துக் கல் கடல் கடந்து ஐரோப்பாவை அடைந்தது.

ஒருமையில் ஒலிக்கும் இச்சொல் ஒரு நாட்டைக் குறித்ததில்லை. 1098இல் எதெசாவும் அந்தியோக்கியாவும், 1099இல் எருசலேமும், பின்னர் திரிப்போலியும் தனித்தனி அரசுகளாக எழுந்தன. மேற்கிலிருந்து பார்த்தவர்களுக்கு நான்கும் கடலுக்கு அப்பால் இருந்தன என்பதே அவற்றை ஒரு பெயருக்குள் அடக்கியது. உள்ளே இருந்தவர்கள் தம்முள் பூசலிட்டனர்.

ஒன்றிணைப்புக்கு மிக அருகில் வந்தவர் எருசலேம் மன்னர் இரண்டாம் பால்டுவின். எதெசாவை முன்பே ஆண்டிருந்த அவர், 1119 ஜூன் 28இல் 'இரத்த வயல்' போரில் அந்தியோக்கியாவின் ஆட்சியாளர் ரோஜர் மாண்டபின், அதன் வாரிசான சிறுவன் வளரும்வரை அவ்வாட்சியையும் ஏற்றார். 1122இல் திரிப்போலியின் ஆட்சியாளர் போன்ஸ் பால்டுவினுக்கு அடங்க மறுத்து முரண்டுபிடித்துப் பின் பணிந்தார். அதே ஆண்டில் எதெசாவை அப்போது ஆண்ட ஜோசலின் சிறைப்பட, அதுவும் பால்டுவினின் பொறுப்பில் வந்தது. ஆனால் மறு ஆண்டில் அவரே பகைவரிடம் சிக்கினார். விடுதலைக்குப் பின், 1126இல், வளர்ந்து வந்த அந்த வாரிசு இரண்டாம் பொகிமொந்திடம் அந்தியோக்கியாவை ஒப்படைத்தார். பால்டுவின் கையில் இருந்தது காவல் உரிமையே அன்றி, வழிவழியாகக் கடத்தக்க அரசுரிமை அன்று. மாற்று வரலாறு எழுத விரும்புபவர் மாற்ற வேண்டிய முடிச்சு இதுதான் என்பேன்.

தமிழில் எப்படிச் சொல்வது? வரலாற்றில் இருந்த நான்கையும் சேர்த்துக் குறிக்க, 'சிலுவைப்போர் அரசுகள்' என்னும் பன்மையே பொருந்தும். ஊத்ரமேர் என்னும் சொல்லைப் பெயர்க்கும்போது 'கடல்கடந்த நாடு' பிழையில்லை; எனினும் எந்த அயல்நாட்டுக்கும் அது பொருந்திவிடுகிறது. நம் வழக்கிலுள்ள 'அக்கரைச் சீமை' பேசுபவர் இக்கரையில் நிற்பதையும் சேர்த்துச் சொல்வதால் மூலத்துக்கு நெருக்கமானது; 'சீமை' வடசொல் எனத் தயங்குவோர் 'அக்கரை நாடு' எனலாம். அங்கு குடியேறியவர்களை அரபியர் 'இஃப்ரஞ்சு' என்றழைத்தனர். 'பிராங்க்' என்னும் அதே இனப்பெயர்தான் பின்னாளில் நம்மிடம் 'பரங்கி' ஆயிற்று.

கற்பனைப் பேரரசுக்கு மட்டும் இப்பெயர் இடறுகிறது. குடியேறிய தலைமுறையிலேயே, சார்த்ர் ஊர் ஃபுல்ச்சர் என்னும் குருவானவர், மேற்கத்தியராக இருந்த தாம் கிழக்கத்தியராகிவிட்டதாக எழுதினார். அங்கேயே பிறந்து ஒரே மன்னரின் குடிகளாக வாழ்ந்திருப்பவர்களுக்கு, அக்கரை என்பது பிரான்சாகத்தான் இருந்திருக்கும்.