அலன் கீயை எடுக்க முதல் கொஞ்சம் பொறுங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை பின்னேரம், நல்ல மழை, வெள்ளவத்தையிலிருந்து ஒரு தகப்பனும் மகளும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். மகளுக்குப் பதினாறு வயது இருக்கும். (ஆள் தெரியாமலிருக்க ஒன்றிரண்டு விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கையில் புதுக் காற்றுப் பிஸ்டல் பெட்டி. "சேர், வாங்கி மூன்று கிழமைதான் ஆகுது, இவ்வளவு காசு கொடுத்தும் ட்ரிகர் பிழை, சூடெல்லாம் இடது பக்கம் கீழே போய் விழுது" என்றார் தகப்பன். ட்ரிகர் பிழையென்று யார் சொன்னது என்று கேட்டேன். வீடியோ ஒன்றில் பார்த்தாராம், பார்த்துவிட்டு அலன் கீயால் (ஆறுமூலைச் சாவி) ஆணிகளையும் கொஞ்சம் திருப்பினாராம். எந்த ஆணி? "எல்லாத்தையும் கொஞ்சம் கொஞ்சம்." மகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொழும்பில் பல வருடங்களாக 10 மீட்டர் காற்றுப் பிஸ்டல் சுடப் பழக்குகிறேன், கூடவே பிள்ளைகளின் பிஸ்டல்களைக் கழுவித் துடைத்துச் சரிபார்க்கிற வேலையும் என் தலையில்தான். துவக்கு என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் வீடுகளில் அம்மம்மாமாரின் முகம் மாறும், ஏன் என்று சொல்லத் தேவையில்லை, அதனால் இந்த விளையாட்டுக்கு ஒரு தமிழ்ப் பிள்ளை வருவதே பெரிய காரியம். அப்படி வந்த பிள்ளை, புதுச் சாமான் வாங்கிய மூன்றாம் கிழமையே "எனக்கு இது சரிவராது" என்று விட்டுப்போவதைப் பல தடவை பார்த்துவிட்டேன். அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

பிழை துவக்கிலா கையிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். அதற்கு முன் ஒரு ஆணியையும் தொடாதீர்கள். இதை நான் வாயால் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

பிரிப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. மேசையில் ஒரு துணிப் பையை வையுங்கள், நான் உள்ளே அரிசி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். பிஸ்டலின் குழலை அதில் சாய்க்காமல் உங்கள் மணிக்கட்டைச் சாய்த்து, ஆறுதலாக ஐந்து சூடு. புதுப் பிஸ்டலோடு தொழிற்சாலையிலேயே இறுக்கிப் பிடித்துச் சுட்ட ஒரு சிறு அட்டை வரும், அதில் ஐந்தாறு சூடும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே ஓட்டையாக இருக்கும். உங்கள் கையில் அவ்வளவு இறுக்கமாக வராது, ஆனால் இலக்கில் 10 புள்ளிக்கான நடு வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ., நல்ல பிஸ்டலின் ஐந்து சூடும் அதற்குள் ஒரு கிழிசலாக அடங்கத்தான் வேண்டும். அடங்கினால் துவக்கில் பிழையில்லை. எங்கே அந்த அட்டை என்று தகப்பனைக் கேட்டேன். விளம்பரத் துண்டென்று நினைத்து வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

அடங்காவிட்டாலும் ட்ரிகரில் கை வைக்காதீர்கள், முதலில் சன்னத்தை, அதாவது சுடுகிற ஈயக் குண்டைப் பாருங்கள். 4.5 மி.மீ. சன்னம் என்று வாங்கினாலும் தலையின் அளவு 4.48, 4.49, 4.50 என்று நுணுக்கமாக மாறும், ஒரு குழலுக்குப் பிடித்தது இன்னொன்றுக்குப் பிடிக்காது. டப்பாவைக் கீழே போட்டவரிடம் கேட்டுப் பாருங்கள், போட்டதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்! சன்னத்தின் பின்பக்கம் பாவாடை மாதிரி விரிந்து, மெல்லிய ஈயமாக இருக்கும், ஒரு நசுங்கல் விழுந்தாலே அது தன்பாட்டுக்குப் போகும். உள்ளே வைக்கும்போது விரலால் குழலோடு மட்டமாக அழுத்திவிடாமல் மூடியைச் சாத்தினாலும் அதே பாவாடைதான் நசுங்கும். "நாலு நல்லா விழுது சேர், ஐந்தாவது எங்கேயோ போகுது" என்று வருகிற பலருக்கு இதுதான் கதை. ஈயமென்பதால் சுட்டு முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் ரோல்ஸில் கை வைக்கலாம், இதையும் யாரும் கேட்பதில்லை.

அப்புறம் இளகிய ஆணிகள். முன் சைட், பின் சைட் (குறி பார்க்கிற முன் முனையும் பின் வெட்டும்), பிடி, இந்த மூன்றையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். கொழும்பு ஈரத்துக்கு வால்நட் கட்டைப் பிடி ஊதும், ஏசி அறைக்குள் போனால் சுருங்கும், மூன்று மாதத்தில் பிடியின் ஆணி தானாக இளகியிருக்கும். கட்டாயம் இறுக்க வேண்டிய ஆணி இது ஒன்றுதான், இதை மட்டும் ஒருவரும் தொடுவதில்லை. கடற்கரைப் பக்கம் வீடென்றால் உப்புக் காற்றுக்கு வெளி இரும்பை இலேசாக எண்ணெய்த் துணியால் துடையுங்கள். வெளி இரும்பை மட்டும். பிஸ்டலோடு பூட்டியிருக்கும் காற்று சிலிண்டரின் வாயிலோ நிரப்பும் இணைப்பிலோ எண்ணெய், கிரீஸ் ஒரு துளியும் படக் கூடாது, உயர் அழுத்தக் காற்றில் எண்ணெய் தீப்பிடிக்கும்.

சிலிண்டர் என்றதும் இன்னொன்று. "சேர், காற்று கசியுது, 200 பார் நிரப்பினேன், அரை மணித்தியாலத்தில் 185." கசியவில்லை. சுழியோடிகளின் பெரிய டாங்கியிலிருந்து வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறியதும் அழுத்தம் காட்டும் முள் இறங்கும். மெதுவாக நிரப்பி, ஆறவிட்டு, முள்ளைக் குறித்துவைத்து, அடுத்த நாள் காலையில் பாருங்கள். பழைய பிஸ்டல் வாங்குகிறவர்கள் சிலிண்டரில் அடித்திருக்கும் தயாரிப்புத் திகதியைப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் 10 வருடம் என்றுதான் கணக்கு வைக்கிறார்கள், அது தாண்டியதை மலிவாகத் தருகிறார்கள் என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

துவக்கிலும் உண்மையான பிழை வருவதுண்டு, இல்லையென்று சொல்லவில்லை. 2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாகருக்குத் தகுதிச் சுற்றின் நடுவே பிஸ்டலின் நெம்புகோல் உடைந்து, திருத்தப் போய் வந்ததில் எத்தனையோ நிமிடம் பறிபோய், இறுதிக்கு வர முடியாமல் போனது. அதே 10 மீட்டரில் 2024 பாரிஸில் வெண்கலம் எடுத்தார். ஆனால் கவனியுங்கள், உண்மையான பிழை பெரும்பாலும் இப்படித்தான், திடீரென்று வரும், கண்ணுக்குத் தெரியும். முதல் நாள் தொட்டே கொஞ்சம் இடது, கொஞ்சம் கீழே என்று ஒரே பக்கமாக விழுந்துகொண்டிருந்தால் என் சந்தேகம் முதலில் கையின் மேல்தான்.

ஏன் கை என்பதற்கு ஒரு கணக்கு. முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே 34 செ.மீ. என்று வையுங்கள். உங்கள் கை ஆடி, பிஸ்டல் முழுவதும் ஒரே சீராக 5 மி.மீ. நகர்ந்தால் இலக்கிலும் 5 மி.மீ.தான், அதுவும் 10தான். ஆனால் விசையை (ட்ரிகரை) இழுக்கும்போது மணிக்கட்டு சுளித்து, முன் சைட் பின் சைட்டின் வெட்டுக்குள் ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், 10 மீட்டரில் அது கிட்டத்தட்ட 29 மி.மீ. ஒவ்வொரு வளையமும் 8 மி.மீ. தள்ளித்தான் இருக்கிறது, அப்போ மூன்றரை வளையம் போச்சு. கை ஆடுவதற்குப் பயப்படுகிற பிள்ளைகளுக்கு இதைத் தாளில் வரைந்து காட்டினால் பாதிப் பயம் போய்விடும். பாரிஸில் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெள்ளி எடுத்த துருக்கிக்காரர் யூசுப் டிகெச்சைப் பார்த்துவிட்டுப் பாதி கொழும்பு என்னிடம் அந்தக் கை பற்றிக் கேட்டது. பைக்குள் இருந்த கையை விடுங்கள், வெளியே இருந்த கையின் மணிக்கட்டைப் பாருங்கள்.

சரி, ட்ரிகர். இதில் இரண்டு படி இருக்கிறது. முதலில் இலகுவாக வந்து ஒரு சுவரில் முட்டும், அந்தச் சுவரைத் தாண்டினால் சூடு. முதற்படியின் எடை, சுவரின் எடை, முதற்படி எவ்வளவு தூரம், உள்ளே கொக்கி எவ்வளவு ஆழமாகப் பிடிக்கிறது, சூடு போன பிறகு விசை எங்கே நிற்கிறது, எல்லாவற்றுக்கும் தனித்தனி ஆணி. சூடு போன பிறகு நிறுத்துகிற ஆணியை அதிகமாக உள்ளே விட்டால் கொக்கி விடுபட முதலே விசை நின்றுவிடும், பிஸ்டல் வெடிக்காது, "பழுது" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள். கொக்கியின் பிடியைக் குறைத்தால் சுவர் காணாமல் போகும், இழுக்க இழுக்கச் சுகமாக இருக்கும், பிறகு ஒரு நாள் மூடியைச் சாத்துகிற அதிர்ச்சியிலேயே சன்னம் பாயும். சுகமான ட்ரிகர் தேடி இந்த ஆணியைத் திருப்புகிறவர்களைக் கண்டால் நான் கத்துவேன். கத்தியும் இருக்கிறேன்.

காற்றுப் பிஸ்டலின் விசை குறைந்தது 500 கிராம் தாங்க வேண்டும் என்பது சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் சம்மேளனமான ஐ.எஸ்.எஸ்.எஃப்பின் விதி. குழலை மேலே நிமிர்த்தி, விசையில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், வெடித்தால் தோல்வி. இதில் நானே ஒரு முறை மாட்டியிருக்கிறேன். இளமையில் சோதனை எடை வாங்கக் காசில்லை, ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, செட்டியார் தெருவில் தெரிந்த நகைக்கடைத் தராசில் கயிறோடு சேர்த்துச் சரியாக 500 கிராம் வைத்து, தங்கம் நிறுக்கிற தராசென்ற திமிரில் ட்ரிகரை அந்த 500லேயே நிறுத்திவிட்டுப் போட்டிக்குப் போனேன். அங்கே எடையை விசையின் கீழ் நுனியில் மாட்டினார்கள், நான் வீட்டில் மாட்டியது நடுவில். விசை சுழலும் அச்சிலிருந்து நுனி தள்ளி இருக்கிறது, நெம்பும் பலம் அதிகம், அதனால் அதே எடைக்கு வெடித்தது. அரை மணித்தியாலத்துக்குள் வியர்த்து விறுவிறுத்துத் திருத்தி, அன்றைக்கு நான் சுட்டதைப் பற்றிக் கதைக்காமல் விடுவோம். அன்று தொட்டு 520க்குக் கீழே வைப்பதில்லை.

மகளின் பிஸ்டலுக்கு வருவோம். சன்னம் இல்லையென்று பார்த்து, குழலுக்குள் பாதுகாப்புக் கயிற்றை விட்டு, விசையின் எடையை நிறுத்துப் பார்த்தேன். 430 கிராம்! தகப்பனின் கைவண்ணம். பிறகு அரிசிப் பையில் மணிக்கட்டை வைத்து நான் ஐந்து சுட்டேன், நடுவில் விழவில்லைதான், ஆனால் ஐந்தும் ஒரே கிழிசல். அவர் பின் சைட்டையும் திருப்பியிருந்தபடியால் விழுந்த இடத்தை நான் கணக்கெடுக்கவில்லை. துவக்கு நல்ல துவக்கு.

அடுத்து நான் வழக்கமாகச் செய்கிற ஒரு சின்னக் களவு. காற்று வெளியேறாமல் வெறுமனே விசையை மட்டும் பழகுவதற்கு ஒரு சிறு நெம்பு உண்டு. (அதைத் திருப்பிவைத்ததை மறந்துவிட்டு "சுடுதில்லை சேர்" என்று இரவு பத்து மணிக்கு அழைக்கிறவர்களும் உண்டு.) நான் திரும்பி நின்று சன்னம் போட்டுக் கொடுப்பேன், சில தடவை அந்த நெம்பையும் திருப்பிவைத்துக் கொடுப்பேன், சுடுகிறவருக்கு எது எதுவென்று தெரியாது. நான்காவது தடவை அவள் இழுத்தாள், காற்றுச் சத்தம் இல்லை, ஆனால் முன் சைட் இடது பக்கம் கீழே சட்டென்று குனிந்தது. மூன்று பேரும் பார்த்தோம். தகப்பன் வாயைத் திறக்க, நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

பிழை அவளிலும் இல்லை. பிடியைப் பாருங்கள் என்றேன். பெரிய ஆம்பிளைக் கைக்கான அளவு, கடையில் இருந்தது அது ஒன்றுதானாம். உள்ளங்கைக்கும் கட்டைக்கும் இடையே என் சுண்டு விரல் போகிறது. சுட்டு விரலின் நுனி மட்டும்தான் விசையைத் தொடுகிறது, அதனால் நேராகப் பின்னுக்கு இழுக்காமல் ஒவ்வொரு முறையும் பக்கவாட்டில் தள்ளுகிறாள். வலக்கைக்காரருக்கு அது இடது பக்கம்தான் போகும். எட்டாத விசையை எட்டிப் பிடிக்க மணிக்கட்டும் சுளிக்கிறது, அதுதான் கீழே.

விசைத் தகட்டை அதன் தண்டில் பின்னுக்கு நகர்த்தினேன், விரலின் முதல் சதை நடுவில் படும்வரை. உள்ளங்கை இடைவெளிக்கு மரப் புட்டி (வுட் ஃபில்லர்) வைத்து, காய்ந்ததும் சாண்ட் பேப்பரால் தேய்த்துப் பார்க்கச் சொன்னேன், சின்ன அளவுப் பிடி வருவிக்கும்வரை அது போதும். கொக்கி ஆணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ட்ரிகரை 520க்கு ஏற்றினேன். பின் சைட்டை மட்டும் தொடவில்லை, கை புதுப் பிடிக்குள் படிந்த பிறகு பார்க்கலாம், ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதைக் கொப்பியில் எழுது என்று மகளிடம் சொல்லி அனுப்பினேன்.

இரண்டு கிழமை கழித்துத் தகப்பன் போன் பண்ணினார், குரலில் பதற்றம். "சேர், இப்ப எல்லாம் வலது பக்கம் போகுது!" எனக்குச் சிரிப்பு வந்தது. இடது பக்கம் விழுந்ததற்காக அவர் முன்னர் பின் சைட்டைத் திருப்பியிருந்தார் அல்லவா, கை சரியானதும் அது வெளியே தெரிகிறது. சிதறுகிறதா, சேர்ந்து விழுகிறதா என்று கேட்டேன். சேர்ந்துதான். அப்படியென்றால் சந்தோஷப்படுங்கள் என்றேன். அது ஜெர்மன் தயாரிப்பு, அவற்றின் சைட் திருகில் இருக்கும் எழுத்துகள் பலரைக் குழப்பும், 'ஆர்' (R) என்றால் "வலது பக்கம் தள்ளு" என்று அர்த்தமில்லை, "வலது பக்கம் விழுந்தால் இந்தப் பக்கம் திருப்பு" என்று அர்த்தம்.

"அப்ப ஆர் பக்கம் எத்தனை கிளிக் சேர்?"

போனை மகளிடம் கொடுங்கள் என்றேன்.