காரிடார்: வழித்தடமா, வலசைப் பாதையா?

துண்டுபட்டுப் போன இரண்டு காடுகளை இணைத்து நிற்கும் ஒடுங்கிய நிலத்தைக் காட்டுயிர் அறிஞர்கள் காரிடார் என்கிறார்கள். தமிழில் இதற்கு வழித்தடம், வலசைப் பாதை என இரண்டு பெயர்கள் புழங்குகின்றன. இரண்டும் ஒன்றல்ல.

மூலச்சொல் இத்தாலியம். 'ஓடு' என்னும் பொருள்கொண்ட வினையில் பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் கோட்டைக்குள் இருந்த நடைவழியைக் குறித்தது. பிறகு வீட்டுக்குள் புகுந்தது. அந்தப் பொருளுக்கு நம்மிடம் இடைகழி என்ற அருமையான சொல் உண்டு. அதுதான் தேய்ந்து ரேழி ஆனது. ஆனால் யானைக்கு ரேழி என்றால் யாரும் சிரிப்பார்கள்.

இச்சொல் காட்டுக்கு வரக் காரணம் தீவுகள். சிறிய தீவில் உயிரினங்கள் குறைவாகவே நிலைக்கும் என்பதை விளக்கும் கோட்பாட்டை மக்ஆர்தர், வில்சன் என்ற இரு அமெரிக்க உயிரியலாளர்கள் 1967இல் நூலாக்கினார்கள். வயல்களுக்கும் சாலைகளுக்கும் நடுவே மிஞ்சிய காடும் ஒரு தீவுதானே? அப்படியானால் தீவுகளை இணைக்க வேண்டும் என்ற யோசனை அடுத்த பத்தாண்டிலேயே வலுப்பெற்றது.

இப்போது தமிழுக்கு வருவோம். வலசை என்றால் குடிபெயர்தல். பகைப்படைக்கு அஞ்சி ஊரைக் காலிசெய்து போவதையும் பழைய அகராதிகள் இச்சொல்லின் பொருளாகத் தருகின்றன. பருவம் மாறும்போது கண்டம் தாண்டிப் பறக்கும் பறவைகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது. யானைக் கூட்டம் பருவத்துக்கேற்ப நீரும் தீவனமும் தேடி இடம் மாறுவதையும் வலசை எனலாம். ஆனால் பிறந்த காட்டை விட்டுப் புது எல்லை தேடும் இளம் புலி வலசை போகவில்லை. ஒருமுறை போனால் பெரும்பாலும் திரும்பாது. அதற்கும் காரிடார் வேண்டும்.

வழித்தடம் இன்னும் பொதுவான சொல். சட்டம், செய்தி இரண்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. இந்திய அரசு 2023இல் வெளியிட்ட அறிக்கை 150 யானை வழித்தடங்களைப் பட்டியலிடுகிறது. ஒரு குறை மட்டும் உண்டு. பேருந்துக்கும் வழித்தடம் என்றே சொல்லிப் பழகியதால், வரைபடத்தில் இழுத்த ஒரு கோடுதான் மனத்தில் எழுகிறது. 'யானை நடக்க நாலு கஜம் விட்டால் போதாதா' என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறக்கிறது.

போதாது. பிரேசிலில் மனாவுஸ் நகருக்கு வடக்கே 1979இல் தொடங்கிய ஆய்வில் 1, 10, 100 ஹெக்டேர் அளவுகளில் மழைக்காட்டுத் துண்டுகளைத் தனிப்படுத்திக் கவனித்தார்கள். படையெடுத்துச் செல்லும் எறும்புகளைப் பின்தொடர்ந்து, அவை கிளப்பிவிடும் பூச்சிகளைக் கொத்தித் தின்னும் பறவைகள் அங்கே உண்டு. சிறிய துண்டுகளிலிருந்து அவை விரைவில் மறைந்தன. அடர்காட்டின் நிழலில் வாழும் பல பறவைகளுக்கு நூறு மீட்டருக்கும் குறைவான வெட்டவெளியே கடக்க முடியாத தடையாக இருந்தது. சிறகு இருந்தும் பறக்கவில்லை. வெட்டிய இடத்தில் இளங்காடு மீண்டும் எழுந்தபோது அவற்றில் சில திரும்பி வந்தன.

ஆக, நிழல்விரும்பும் பறவைக்கும் மரத்தைவிட்டு இறங்காத குரங்குக்கும் காரிடார் என்பது கடந்து போகும் வழி மட்டுமல்ல. கூடு கட்டி, குட்டி போட்டு வாழும் இடமும்கூட. நுழைந்த விலங்கு மறுமுனையை எட்டாமல் அதன் பேரப்பிள்ளை எட்டலாம். அந்தப் பொருளில் 'இணைப்புக் காடு' என்று எழுதுவதையே நான் விரும்புவேன். சங்க இலக்கியம் தரும் 'அதர்' என்ற சொல்லும் அழகுதான். ஆனால் அதற்கே இன்னொரு சொல் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

சாலைக்கு அடியில் விலங்குகளுக்கென அமைக்கும் கட்டுமானம் மட்டும் தனி. மத்திய இந்தியாவின் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிய நெடுஞ்சாலையின் கீழ்ப் புலிகள் நடந்து போவதை தானியங்கிக் கேமராக்கள் பதிவுசெய்தன. அதற்குக் கீழ்க்கடவு என்ற சொல்லே போதும். வலசைப் பாதையைப் பறவைகளின் வான்வழிக்கும், யானைகளின் பருவகால நடைக்கும் விட்டுவிடலாம்.