தேடத் தெரிந்தவர்களும் தடுக்கி விழும் இடங்கள்

ரத்தப் பரிசோதனை அறிக்கையில் டி.எஸ்.எச். 6.8 என்று இருக்கிறது, பக்கத்திலேயே 'அதிகம்' என்ற குறி. கைபேசியை எடுத்து 'தைராய்டு அதிகமானால் என்ன ஆகும்' என்று தட்டினால் உடல் மெலிவு, படபடப்பு, கை நடுக்கம் என்று பக்கம் பக்கமாக வரும். சொல்வதெல்லாம் சரிதான், ஆனால் அது நேர் எதிரான நோய். டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதல்ல. அந்தச் சுரப்பியை வேலை வாங்க மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு சுரப்பு குறையக் குறைய இது ஏறும்.

ஒரு செவிலியர் இதே அறிக்கையைப் பார்த்தால், கீழ்வரியில் ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு சுரப்பியே சுரக்கும் ஹார்மோன், எவ்வளவு என்று முதலில் பார்ப்பார். அது இயல்பாக இருந்தால் 'சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம்' (லேசான தைராய்டு குறைபாடு) என்று தேடுவார். டி.எஸ்.எச். 10-க்குக் கீழே இருந்தால் உடனே மாத்திரை தொடங்காமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதிப்பதுதான் பொதுவான வழக்கம், கர்ப்பிணிகளுக்குக் கணக்கு வேறு என்பதெல்லாம் அவர் கண்ணில் படும். இருவர் கையிலும் ஒரே கூகுள்தான். தேடல் பெட்டியில் எதைத் தட்டுவது என்பதிலேயே பாதி விடை முடிவாகிவிடுகிறது.

துறை தெரியாதவருக்கும் வழி இருக்கிறது. முதல் தேடலை விடைக்காகச் செய்யாதீர்கள், சொல்லுக்காகச் செய்யுங்கள். அறிக்கையிலோ படிவத்திலோ அச்சாகியிருப்பதைப் பேச்சுவழக்குக்கு மாற்றாமல், அலகு உட்பட அப்படியே தட்டுங்கள். வரும் பக்கங்களில் திரும்பத் திரும்பத் தென்படும் கலைச்சொல்லைப் பிடித்து, அதைக்கொண்டு இரண்டாவது முறை தேடுங்கள். 'நிலத்தை என் பேருக்கு மாத்துவது எப்படி' என்பதற்கு யூடியூப் வீடியோக்கள்தான் குவியும், 'பட்டா மாறுதல்' என்றால் அரசு நடைமுறை கிடைக்கும். சர்வே எண்ணில் ஒரு பகுதியை மட்டும் வாங்கியவர் 'உட்பிரிவு' என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சர்வே எண் முழுவதையும் வாங்கியவருக்கான, நில அளவையே தேவைப்படாத நடைமுறையைப் படித்துவிட்டு, விண்ணப்பம் ஏன் நகரவில்லை என்று குழம்ப நேரும்.

சரி, படிப்பும் துறை அறிவும் இருந்தால் போதுமா? போதாது என்று 2017-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் காட்டினார்கள். முனைவர் பட்டம் பெற்ற 10 வரலாற்றாசிரியர்கள், 10 தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள், 25 மாணவர்கள் என 45 பேரிடம் சில இணையதளங்களை எடைபோடச் சொன்னார்கள். ஒரு பயிற்சியில் இரண்டு குழந்தை மருத்துவர் அமைப்புகள் வந்தன. ஒன்று 1930 முதல் இயங்கும் பெரிய சங்கம், மற்றது 2002-இல் பிரிந்துபோன சிறு குழு. லோகோ, மேற்கோள் பட்டியல், 'டாட் ஆர்க்' முகவரி என்று சிறு குழுவின் தளமும் பளிச்சென்றே இருந்தது. மாணவர்களில் பெரும்பாலோர் அதில் மயங்கினார்கள், வரலாற்றாசிரியர்களிலும் கணிசமானோர் தடுமாறினார்கள். காரணம் கவனக்குறைவு அல்ல. மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்ததுதான் காரணம்! சரிபார்ப்பாளர்களோ படிப்பதற்கு முன்பே பக்கத்தை விட்டு வெளியேறி, புதிய டேப்களில் 'யார் இவர்கள்?' என்று தேடினார்கள்.

செய்முறை எளிது. அமைப்பின் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் தட்டுங்கள். ஒரு இடைவெளி விட்டு, கழித்தல் குறி, 'சைட்' என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, அவர்களது தளமுகவரி ஆகியவற்றை ஒட்டி ஒட்டி எழுதுங்கள். கழித்தல் குறிக்குப் பின்னால் இடைவெளி விழுந்தால் வேலை செய்யாது. அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது போய், பிறர் சொல்வது மிஞ்சும்.

எங்கள் பயிற்சி வகுப்புகளில் திருத்தக் கடினமானவர்கள், உள்ளபடி சொன்னால், புதியவர்கள் அல்ல. இருபது வருடமாக இணையத்தில் இருப்பவர்கள்தான். 'தளமுகவரிக்குப் பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தால் நம்பலாம்' என்று அன்று கற்றதை இன்னும் விடவில்லை. இணைப்பு, இடையில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பூட்டு எதையும் சொன்னதில்லை. அதற்கான சான்றிதழ் இப்போது இலவசம், மோசடித் தளங்களும் வாங்கி வைத்திருக்கின்றன. தவறான நம்பிக்கை தருகிறது என்றே குரோம் 2023-இல் அந்தப் படத்தை எடுத்தது.

'முதலில் வருவது சரியாக இருக்கும்' என்பது இன்னொன்று. வங்கி வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடும்போது இதுதான் பணத்தைக் காவு வாங்குகிறது. விளம்பரத்திலும் வரைபடக் குறிப்பிலும் மோசடிக்காரர் தன் எண்ணைப் போட்டுவிட முடியும். உச்சியில் வரும் ஏஐ சுருக்கம் அதையே எடுத்து ஒப்பிக்கவும் கூடும். எண்ணை ஏடிஎம் அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள். தளத்துக்குப் போவதானால் முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்று பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. மனப்பாடமாக இருக்கும் 'டாட் காம்' முகவரி பழசு.

பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். அந்த எண்ணையும் பதற்றத்தில் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், இப்போதே கைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.