ஜமாபந்தி என்றால் வருவாய்த் தீர்வாயம்

மே, ஜூன் வந்தால் சேலம் மாவட்டத்து வட்டாட்சியர் அலுவலகங்களில் பந்தல் போடுவார்கள். பேனரில் ‘வருவாய்த் தீர்வாயம்’ என்று இருக்கும். வருகிறவர்களோ ‘ஜமாபந்திக்கு வந்தோம்’ என்பார்கள். பெரும்பாலானோர் இதை மனு கொடுக்கும் நாள் என்றே நினைக்கிறார்கள். மனு வாங்குவது உண்டு, ஆனால் அது பின்னால் வந்து சேர்ந்த வேலை. ஜமாபந்தி என்பது ஒரு கிராமத்தின் ஓராண்டு நிலக் கணக்கை மேலதிகாரி தணிக்கை செய்து முடித்துக் கையெழுத்திடும் நிகழ்வு.

‘ஜமா’ அரபுச் சொல். சேர்த்தல், மொத்தத் தொகை என்று பொருள். நம்மூரில் ‘ஜமா சேர்ந்துட்டாங்க’ என்பதும், பள்ளிவாசல் ஜமாஅத்தும் அதே வேரில் பிறந்தவை. ‘பந்தி’ பாரசீகம்: கட்டுதல், வரையறுத்தல். பந்தோபஸ்தில் இருப்பதும் இந்தக் ‘கட்டு’தான், சாப்பாட்டுப் பந்திக்கும் இதற்கும் தொடர்பில்லை. ஆக, வரவேண்டிய வரித்தொகையை வரையறுத்து முடிப்பது ஜமாபந்தி. பஞ்சாப், ஹரியானா பக்கம் இதே சொல் நில உரிமைப் பதிவேட்டையே குறிக்கும். இணையத்தில் ஜமாபந்தி என்று தேடினால் அந்த மாநிலத் தளங்கள் வந்து நிற்பது இதனால்தான். அங்கே அது ஓர் ஆவணம், இங்கே ஆண்டுதோறும் நடக்கும் தணிக்கை.

இந்தச் சொல்லுக்கும் சேலத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1792-ல் திப்புவிடமிருந்து பாரமகாலும் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்குப் போனபோது, அலெக்சாண்டர் ரீட் இங்கே கலெக்டராக வந்தார். தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளர். வயல் வயலாக அளந்து, இடைத்தரகர் இல்லாமல் குடியானவரிடமே வரியைத் தீர்மானிக்கும் ரயத்துவாரி முறை இந்த மண்ணில்தான் உருவெடுத்தது. குடியானவர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு என்றானதும், அதை ஆண்டுதோறும் சரிபார்த்து முடிக்கும் ஜமாபந்தி தவிர்க்க முடியாததாகிவிட்டது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் போகவில்லை. சோழர் கல்வெட்டுகளில் புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம் என்று வருவாய்த் துறைக்கும் அதன் பதிவேட்டுக்கும் பெயர்கள் உள்ளன. இன்றைய ‘தீர்வாயம்’ தீர்வும் ஆயமும் சேர்ந்தது. ஆயம் என்பது வரிக்கான பழஞ்சொல். வரி தண்டியவரை ஆயக்காரர் என்றார்கள். தீர்ப்பாயத்தில் உள்ள ஆயம் அவையைக் குறிப்பது. இங்கே வருவாய் என்று கொள்வதே பொருத்தம். நல்ல சொல். மூலச்சொல்லின் பொருளை அப்படியே தாங்குகிறது, ஜமாபந்தியைவிடத் தெளிவாகவும் சொல்கிறது. ‘மக்கள் குறைதீர் நாள்’ என்று இதை அழைப்பதுதான் தவறு. அது திங்கள்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கிற வேறொன்று.

கணக்காண்டின் பெயர் பசலி. அறுவடையைக் குறிக்கும் ‘ஃபஸ்ல்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடியும். ஆண்டு தொடங்கும் ஆங்கில வருடத்திலிருந்து 590 கழித்தால் பசலி எண் கிடைக்கும்: 2025 ஜூலையில் தொடங்கியது பசலி 1435. பழைய ரசீதைப் படிக்க இந்த ஒரு கணக்குப் போதும்.

தீர்வாய நாட்களில் குறுவட்டம் வாரியாகக் கிராமங்களை அழைப்பார்கள். பிர்கா என்று நாம் சொல்வதற்குத் தமிழ் குறுவட்டம். கிராம நிர்வாக அலுவலர் தன் கணக்குப் புத்தகங்களை மேசைமேல் வைக்க வேண்டும்: புல எண் வாரியான நில விவரம் உள்ள ‘அ’ பதிவேடு, எந்த வயலில் என்ன பயிர் என்று சொல்லும் இரண்டாம் எண் கணக்கான அடங்கல், யாருக்கு எவ்வளவு நிலம் என்று சொல்லும் பத்தாம் எண் கணக்கான சிட்டா, வசூல் கணக்குகள். நிலம் அளக்கும் சங்கிலி முதலான கருவிகளும் பார்க்கப்படும். பயிராய்வில் எழுதிய பரப்பும் அடங்கலில் ஏறிய பரப்பும் ஒத்துப்போகிறதா, பட்டா மாறுதல் சிட்டாவில் ஏறியதா என்பதுதான் கேள்வி.

இதில் சறுக்குவது பெரும்பாலும் அடங்கல். வயலைப் போய்ப் பார்க்காமல் போன வருடத்துப் பயிரையே திருப்பி எழுதிவிடுவது பழைய நோய். ஆத்தூர்ப் பக்கம் மரவள்ளி நிற்கிற காடு ‘தரிசு’ என்றும், வாழப்பாடிப் பக்கம் பாக்குத் தோப்பு வெறும் புன்செய் என்றும் இருந்தால், சாதாரண நாளில் யாருக்கும் வலிக்காது. பயிர்க்கடன், காப்பீடு, வெள்ள நிவாரணம் என்று வரும்போதுதான் வலிக்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழை ஏற்காட்டையும் அடிவாரத்தையும் புரட்டிப் போட்டது. பயிர் போனவருக்கு நிவாரணம் கேட்க அடங்கல்தான் சாட்சி. நிலவரி பெயரளவுக்கு ஆகிவிட்ட இந்தக் காலத்தில் தீர்வாயத்தின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது.

அடுத்தது புறம்போக்கு. ஏரி, ஓடை, வண்டிப்பாதையை ஆக்கிரமித்தவருக்குக் கொடுக்கும் ‘பி மெமோ’வும் இந்தக் கணக்கில் வரும். பி மெமோவுக்குப் பணம் கட்டிய ரசீதை அனுபவ பாத்தியம் என்று காட்டிப் பட்டா கேட்கிறார்கள். அது அபராதம், உரிமை தராது. ஆண்டுதோறும் அதே பெயருக்கு அதே ஏரியில் அபராதம் எழுதி மூடிவிடுவதைத் தணிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வராது. எழுதிய அபராதத்துக்குப் பின் அகற்றும் நடவடிக்கை எங்கே என்று தீர்வாய அலுவலர் கேட்டே ஆக வேண்டும்.

மனு கொடுப்பவர்கள் வெள்ளைத்தாளில் கிராமம், புல எண், உட்பிரிவு எண், பட்டா எண் நான்கையும் முதல் வரியிலேயே எழுதுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. இணையத்தில் எடுத்த பட்டா நகலும், பத்திர நகலும் இணையுங்கள். எண் போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். எழுத்துப் பிழை போன்றவை விரைவில் தீரலாம், நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டக் காலத்தில் பெயர் மாறிப்போன பட்டா விசாரணை முடிந்துதான் திருந்தும். நீதிமன்றத்தில் இருக்கும் பாகத் தகராறை அங்கே கொண்டுபோய்ப் பயனில்லை. மாநகராட்சி எல்லைக்குள் மனை வைத்திருப்பவர்கள் பார்க்க வேண்டியது நகர நில அளவைப் பதிவேடு.

ஏற்காட்டில் வரும் மனுக்களில் பழங்குடியினர் சாதிச் சான்று முக்கியமானது. அதைத் தருபவர் வட்டாட்சியர் அல்லர், கோட்டாட்சியர். தீர்வாயத்தில் கொடுத்தாலும் மனு அங்கேதான் போகும். எனவே கோட்டாட்சியர் பெயருக்கே எழுதி, பெற்றோரின் சான்று நகலையும் வைத்துவிட்டால் ஒரு சுற்று அலைச்சல் மிச்சம். மலைக் கிராமத்திலிருந்து இறங்கி வருவதற்கே ஒரு நாள் கூலி போகிறது.

என் கோரிக்கை ஒன்றே. மே 1-ல் கிராமசபை நடக்கிறது. அதை ஒட்டியே தீர்வாயம் வருகிறது. அந்தச் சபையில் கிராம நிர்வாக அலுவலர் அந்தப் பசலியின் அடங்கலையும் புறம்போக்கு ஆக்கிரமிப்புப் பட்டியலையும் புல எண்ணோடு வாசிக்க வேண்டும். தன் காட்டில் என்ன பயிர் என்று எழுதியிருக்கிறது என்பதை உழுதவர் அங்கேயே கேட்டுத் திருத்தலாம். ஏரிக்கரையில் யார் பெயர் விடுபட்டது என்பதும் ஊருக்குத் தெரியும். புதுச் சட்டமோ தனி நிதியோ வேண்டியதில்லை. வாசித்த பட்டியலைத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றி, அதன் நகலைத் தீர்வாய அலுவலர் மேசைக்கு அனுப்பினால் போதும்.