‘மிரட்டும் தொனியில் பேசினார்’ என்று மட்டும் எழுதினால் போதாது

பொலிஸ் முறைப்பாடுகளிலும் சத்தியக்கடதாசிகளிலும் திரும்பத் திரும்ப வரும் வரி ஒன்று உண்டு: “அவர் என்னிடம் மிரட்டும் தொனியில் பேசினார்.” எழுதியவருக்கு அந்த வரிக்குள் நடந்த அத்தனையும் இருக்கிறது. முறைப்பாட்டைப் பதியும் அதிகாரிக்கும், பிறகு கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் அந்தத் தாளைப் புரட்டும் சட்டத்தரணிக்கும் நீதவானுக்கும் அதில் ஒன்றும் இல்லை. அவர் என்ன சொன்னார், எவ்வளவு கிட்ட நின்றார், கையில் என்ன வைத்திருந்தார், அவர் போன பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது எதுவும் தெரியாது. மிரட்டல் என்பது நீங்கள் வந்து சேர்ந்த முடிவு. உங்களை அந்த முடிவுக்குக் கொண்டுவந்த சங்கதிகளை எழுதினால்தான் வாசிப்பவரும் அதே முடிவுக்கு வருவார்.

சட்டம் எதைக் கேட்கிறது என்று முதலில் பார்ப்போம். இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அதன் 483ஆம் பிரிவு குற்றமாகும் அச்சுறுத்தல் எது என்று சொல்கிறது. உங்கள் உடம்புக்கோ, பெயருக்கோ, சொத்துக்கோ தீங்கு செய்வேன் என்று ஒருவர் சொல்ல வேண்டும். அல்லது நீங்கள் அக்கறை வைத்திருக்கும் இன்னொருவரின் உடம்புக்கோ பெயருக்கோ தீங்கு வரும் என்று சொல்ல வேண்டும். அதை உங்களைக் கலங்கடிக்கும் நோக்கத்தோடு சொல்லியிருக்க வேண்டும். அல்லது, செய்யக் கடமையில்லாத ஒன்றைச் செய்விக்க, செய்ய உரிமையுள்ள ஒன்றைத் தடுக்கச் சொல்லியிருக்க வேண்டும். தண்டனை 486ஆம் பிரிவில் இருக்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது தண்டப்பணம், அல்லது இரண்டும். கொல்வேன், பாரதூரமான காயம் செய்வேன் என்பது போன்ற மிரட்டலாக இருந்தால் சிறை ஏழு ஆண்டு வரை போகலாம்.

இந்த இரண்டுக்கும் ஏழுக்கும் உள்ள தூரத்தைக் கேள்விப்பட்டதும் சிலர் சொல்லாத ‘கொல்லுவன்’ ஒன்றை முறைப்பாட்டில் சேர்த்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பக்கத்தில் நின்ற சாட்சி அந்தச் சொல்லைக் கேட்டிருக்க மாட்டார். குறுக்கு விசாரணையில் இருவர் கதையும் பிரியும். உண்மையில் நடந்த மிரட்டலும் அதோடு அடிபட்டுப் போகும். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. பயத்திலும் வெட்கத்திலும் முதல் முறைப்பாட்டில் பாதியை விட்டுவிட்டு, வழக்கு வந்த பிறகு சேர்த்தால், “இதை ஏன் அன்று சொல்லவில்லை?” என்ற கேள்வி தப்பாமல் வரும்.

ஏச்சு வேறு, மிரட்டல் வேறு. கெட்ட வார்த்தையால் ஏசியது உங்களை எவ்வளவு நோகடித்திருந்தாலும், தீங்கு செய்வேன் என்ற பேச்சு அதில் இல்லையென்றால் 483க்குள் வராது. சமாதானத்தைக் குலைக்கத் தூண்டும் அவமதிப்பு என்று 484இல் பார்க்கப்படலாம். மிரட்டிப் பணமோ நகையோ வாங்கிவிட்டார்கள் என்றால், நாம் கப்பம் என்று பேச்சில் சொல்லும் 372ஆம் பிரிவுக் குற்றம். எந்தப் பிரிவு என்று நீங்கள் முடிவெடுக்கத் தேவையில்லை. ஏச்சையும் மிரட்டலையும் பணத்தையும் ஒரே வாக்கியத்தில் குழைக்காமல் தனித்தனியாக எழுதினால் போதும்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அடிக்கடி வரும் பிரச்சினை வாடகை வீடு. “வீட்டு உரிமையாளர் வந்து என்னையும் மகளையும் மிரட்டும் விதமாகப் பேசி வீட்டை விடச் சொன்னார்” என்று எழுதினால் அது ஒரு கொடுக்கல் வாங்கல் தகராறு போலத்தான் வாசிக்கப்படும். அதே சம்பவத்தை இப்படி எழுதலாம்:

“மாலை 6.40 மணியளவில் வீட்டு உரிமையாளர் மாடிக்கு வந்து கதவைக் காலால் உதைத்தார். நான் திறந்ததும், கதவைச் சாத்த முடியாதபடி ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் சுட்டுவிரலை என் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் நீட்டி, ‘வெள்ளிக்கிழமைக்குள்ள சாமானை எடு. இல்லாட்டி உன்ர பிள்ளை ரோட்டால போய் வாறத நான் பார்த்துக்கொள்ளுறன்’ என்றார். மகள் என் பின்னால் நின்று கேட்டாள். சத்தம் கேட்டுக் கீழ் வீட்டு அம்மா படிக்கு வந்தார். வாடகை ஒப்பந்தம் முடிய இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. அடுத்த நாள் பயத்தில் மகளை டியூஷனுக்கு அனுப்பவில்லை.”

இதில் ‘மிரட்டல்’ என்ற சொல்லே இல்லை. ஆனால் 483 கேட்பது எல்லாம் இருக்கிறது. தீங்கு நீங்கள் அக்கறை வைத்திருக்கும் பிள்ளைக்கு. தடுக்கப்படுவது, ஒப்பந்தம் முடியும்வரை குடியிருக்கும் உங்கள் உரிமை. டியூஷனுக்கு அனுப்பாத வரியை பலர் அற்பம் என்று விட்டுவிடுவார்கள். பயம் வெறும் பேச்சல்ல என்று காட்டுவது அந்த வரிதான். ஐந்து மாதம் என்ற விவரமும் அப்படியே. அதை எழுதினால் ஒப்பந்தத்தின் பிரதியையும் கூடவே கொண்டுபோங்கள்.

மேலே உள்ள ‘பார்த்துக்கொள்ளுறன்’ என்ற சொல்லையும் கவனியுங்கள். சுட்டுவிரலும் உதைத்த கதவும் இல்லாமல் அதை மட்டும் எடுத்தால், பிள்ளையைக் கவனித்துக்கொள்வேன் என்று நல்ல அர்த்தமும் வரும். ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் அவசரத்தில் ‘ஐ வில் லுக் ஆஃப்டர் ஹெர்’ என்று போட்டால் வழக்கின் மையமே போய்விடும். அதனால் சொன்ன சொல்லைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். சிங்களத்தில் ‘உம்பவ பலாகன்னம்’ (உன்னைப் பார்த்துக்கொள்ளுறன்) என்றிருந்தால் தமிழ் எழுத்தில் அதையே எழுதி, நீங்கள் விளங்கிக்கொண்டதைப் பக்கத்தில் குறியுங்கள். தூஷண வார்த்தை இருந்தாலும் புள்ளி வைத்து மறைக்காதீர்கள்.

கொழும்பில் வாக்குமூலம் பெரும்பாலும் சிங்களத்தில்தான் எழுதப்படும். இங்கே பலருக்குத் தெரியாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவின்படி, வாய்மொழியாகக் கொடுக்கும் தகவலை எந்த மொழியில் கொடுக்கிறீர்களோ அந்த மொழியிலேயே எழுத வேண்டும். அதிகாரிக்கு அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், உங்கள் மொழியில் நீங்களே எழுதித் தரும்படி அவர் கேட்க வேண்டும். உங்களாலும் எழுத முடியாது என்றால் மட்டும், காரணத்தைக் குறித்துவிட்டுத் தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதி, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்லிக் காட்ட வேண்டும். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரையும் அரச அதிகாரிகளோடு தமிழில் கருமமாற்றும் உரிமையைத் தருகிறது. ஆகவே வீட்டிலேயே தமிழில் எழுதி, இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போவது நல்லது. “சேர், தமிழில் எழுதித் தருகிறேன்” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டாத, விளங்காத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். மிக அதிகமாகப் பிழை நடக்கும் இடம் இதுதான். வெளியே வருமுன் முறைப்பாட்டு இலக்கம், திகதி, பதிந்த அதிகாரியின் பெயர் மூன்றையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கம்பனி மனிதவளப் பிரிவுக்கோ தொடர்மாடி நிர்வாகத்துக்கோ ஆங்கிலத்தில் கடிதம் எழுதுபவர்களுக்கும் இதே சிக்கல் வருகிறது. ‘திரெட்டனிங்லி’, ‘மெனசிங்லி’ இரண்டும் ‘மிரட்டும் விதமாக’ என்று பொருள்படும், ஒரு செயல் எந்த விதத்தில் நடந்தது என்று காட்டும் சொற்கள். முறைத்தார், கையை ஓங்கினார், முன்னால் நகர்ந்தார் என்ற வினையோடு சேர்ந்தால்தான் அவற்றுக்குப் பலம். பேசினார் என்பதோடு மட்டும் ஒட்டிவிட்டால், பேசியது என்ன என்று அடுத்த கேள்வி வரும். ‘திரெட்டன்ட்’ என்று வினை போட்ட வாக்கியத்தில் ‘திரெட்டனிங்லி’யும் சேர்ப்பது கூறியது கூறல். ‘ஓமினஸ்லி’ இவற்றோடு சேராது. ஏதோ கெடுதல் வரப்போகிறது என்ற அறிகுறிக்குத்தான் அது, மேகம் இருண்டதற்குக்கூடப் பொருந்தும். ஒருவர் உங்களை மிரட்டினார் என்று குற்றம் சாட்ட அது உதவாது.

வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டல் என்றால், பயத்தில் முதலில் செய்வது அழிப்பது அல்லது ப்ளொக் பண்ணுவது. அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். சேமித்த பெயர் அல்ல, தொலைபேசி இலக்கம் தெரிய வேண்டும், திகதியும் நேரமும் தெரிய வேண்டும். தானாக மறையும் செய்தி வசதி போட்டிருந்தால் நிறுத்துங்கள். வொய்ஸ் மெசேஜை வெட்டி ஒட்டிச் ‘சுருக்கி’க் கொடுக்காதீர்கள், முழுதாக, வந்த போனிலேயே இருக்கட்டும். அந்தப் போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். ஒலி, ஒளிப்பதிவுகளைச் சாட்சியமாக முன்வைக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டத்தில் விசேட ஏற்பாடுகள் இருக்கின்றன. அதன்படி விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே எதிர்த்தரப்புக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும், மூலப்பதிவைப் பார்வையிடவும் அவர்கள் கேட்கலாம். முந்திய நாள் இரவு சட்டத்தரணியிடம் போனை நீட்டுவதால்தான் நல்ல பதிவுகள் பல வீணாகின்றன.

பதிலுக்கு நீங்களும் மிரட்டி ஒரு செய்தி போட்டால், அடுத்த நாள் உங்கள் மேலும் முறைப்பாடு இருக்கும். இரு தரப்பையும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 81ஆம் பிரிவின் கீழ், சமாதானம் காக்கப் பிணை எழுதுவிக்கும்படி பொலிஸார் நீதவான் முன் கொண்டுபோவது இப்படித்தான். அந்தப் பிணை குற்றத்தீர்ப்பல்ல. ஆனால் பாதிக்கப்பட்டவரும் மிரட்டியவரும் ஒரே நிலையில் நிற்க வேண்டி வரும், அது மனத்தை உடைத்துவிடும்.

மிரட்டுபவர் கணவரோ, முன்னாள் கணவரோ, வீட்டில் உள்ளவரோ என்றால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை மறக்காதீர்கள். குற்றமாகும் அச்சுறுத்தல் அதன் அட்டவணையிலேயே இருக்கிறது, அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் பொலிஸ் அதிகாரியோ நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். இடைக்காலப் பாதுகாப்புக் கட்டளை உடனே கேட்கலாம். பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை நீடிக்கலாம். “குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கோ” என்று பொலிஸ் நிலையத்தில் திருப்பி அனுப்பினாலும் இந்த வழி மூடுவதில்லை. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. ஆள் வாசலில் நிற்கிறார் என்றால் எழுத்து வேலை எல்லாம் பிறகு, உடனே 119.

மிரட்டல் மறுபடி வந்தால், முதல் முறைப்பாடு இருக்கிறதே என்று விட்டுவிடாமல் அதற்கும் தனி முறைப்பாடு போடுங்கள். முதல் வரியிலேயே பழைய இலக்கத்தையும் திகதியையும் எழுதுங்கள். இரண்டையும் யாரும் தேடாமலே ஒன்றாக வைத்து வாசிக்க அது போதும்.